சிவப்பு நாடாவும் ஐந்து வெள்ளைக் கட்டுகளும்

கஞ்சி ஏறிய பருத்தியும் மலிவான சாயமும் கலந்த வாசனை அது. போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு ஸ்டேஷனரி கடையில் பேனா ரீஃபிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற யாருக்கோ கடைக்காரர் ஒரு நாடா ரோலைப் பிரித்தார். சிவப்பு நாடா. பிளாஸ்டிக் உறை கிழிந்ததும் வாசனை எழுந்தது. ரீஃபில் வாங்காமலே வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் பத்து நிமிடம் சும்மா நடந்தேன்.

ஐம்பத்திரண்டு வயது. இன்னும் சர்வீஸில் இருக்கிறேன். அதில் ஒன்பது வருடம் ஒரு தாலுகா ஆபீஸின் ரெக்கார்ட் ரூமில் கழிந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. ஜன்னலைத் திறந்தால் சிறுமலை தெரியும், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒரே ஒரு நாளை எழுதுகிறேன்.

1. திட்டுகிறவர்களின் சொல்

ஆபீஸ் கட்டுகளைக் கட்டுகிற இந்த நாடாவைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பேப்பரைத் திறந்தால் சிவப்பு நாடாவில் சிக்கிய பாலம், சிவப்பு நாடாவில் சிக்கிய பென்ஷன். இங்கிலீஷில் ரெட் டேப். இங்கிலீஷே தெரியாதவர்கூட கவுன்ட்டரில் கோபம் வந்தால் அதைச் சொல்லிவிடுவார். அர்த்தம் ஒன்றுதான்: வேண்டாத விதி, வேண்டாத கையெழுத்து, அடுத்த வாரம் வாங்க.

ஒரு பயிற்சி வகுப்பில் இந்தச் சொல்லின் கதையைச் சொன்னார்கள். பல நூறு வருடத்துக்கு முன் ஸ்பெயின் தேசத்து அரசன் ஒருவனின் சபையில் தாள்கள் மலை மலையாகக் குவியுமாம். சாதாரண விவகாரத்துக்குச் சாதாரணக் கயிறு. சபை உடனே எடுத்துப் பேசவேண்டிய விவகாரத்துக்கு மட்டும் சிவப்பு நாடா. மற்ற அரசவைகள் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டன. இங்கிலாந்தில் வக்கீல்கள் கட்டிய நாடா சரியான சிவப்புகூட இல்லையாம், வெளிறிய ரோஸ். கட்டுகள் பெருகின. அவிழ்க்கிற கைகள் குறைந்தன. நாடாவுக்குப் பெயர் கெட்டது. கெட்ட பெயரோடு கப்பலேறி நம் தாலுகா கச்சேரிகளுக்கும் வந்து சேர்ந்தது. இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பின்னால் சேர்த்தது என்று எனக்குத் தெரியாது. வகுப்பெடுத்தவரே "அப்படிச் சொல்றாங்க" என்றுதான் முடித்தார்.

அவசரம் என்று சொல்லப் பிறந்த நிறம், தாமதத்தின் பெயராகி நிற்கிறது. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். தினமும் கையால் அதைக் கட்டுகிறவன் அந்த அறையில் நான் ஒருத்தன்தான்.

2. எங்கள் ரூம் வழக்கம்

ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு ஆயுள் எழுதுவோம். சிலது ஒரு வருடம், சிலது மூன்று, சிலது பத்து. நிலம், பட்டா, பாதை மாதிரியான விஷயம் என்றால் நிலை முடிவு. அதை அழிக்கவே கூடாது. எங்கள் ரூமில் நிலை முடிவுக் கட்டுக்குச் சிவப்பு நாடா, பத்தாண்டுக் கட்டுக்கு வெள்ளை. எந்தக் கையேட்டிலும் இந்த நிற வித்தியாசம் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த யாரோ ஆரம்பித்து எங்கள் கைகளுக்கு வந்து சேர்ந்த பழக்கம். ரேக்கைத் தூரத்தில் நின்று பார்த்தாலே எது இருக்கப்போவது, எது போகப்போவது என்று தெரிந்துவிடும்.

முடிச்சும் அப்படித்தான். சுருக்கு முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் கட்டு பொத்தென்று அவிழ வேண்டும். அவசரத்தில் நான் முட்டு முடிச்சு போட்டுவிட்டால் ரெக்கார்ட் அட்டெண்டர் காதர் பாய் விடமாட்டார். என் வயதுக்காரர்தான். யாராக இருந்தாலும் அவருக்கு 'அப்பு'தான்.

"ஏன் அப்பு, பொணத்துக்கா கட்டுற? நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான்ல? பல்லால கடிச்சா அவுப்ப?"

அந்த வருடம் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, பதினாலாம் ரேக்கில் ஐந்து சிவப்புக் கட்டுகள் நனைந்தன. நாடாவின் சாயம் இறங்கித் தாள்களின் ஓரத்தில் கோடு கோடாகப் படிந்தது. அவிழ்த்து ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் காயவைத்தோம். திரும்பக் கட்ட சிவப்பு நாடா இல்லை. ரோல் கேட்டு இண்டெண்ட் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது; அந்த இண்டெண்டும் எங்கேயோ ஒரு கட்டுக்குள் கிடந்திருக்கும். வெள்ளை இருந்தது. வெள்ளையால் கட்டினேன். தற்காலிகமாக. 'நிலை முடிவு' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஐந்திலும் செருக வேண்டும் என்று நினைத்தேன். பேனாவையும் எடுத்தேன். அப்போது டீ வந்தது.

டீ குடித்தேன். சீட்டு எழுதவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்தக் கட்டுகளைக் கடந்து கடந்து நடந்தேன். தற்காலிகம் என்ற சொல்லுக்குள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும்.

3. ஐந்து அதிகம்

காலம் முடிந்த கட்டுகளை அழிக்க உத்தரவு வந்தது. காலை எட்டரைக்கு லாரி வந்தது. பழைய தாளை இயந்திரத்தில் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிற குடோன்காரர்களின் லாரி. லோடுமேன்கள் பட்டியலில் இருந்த ரேக்குகளில் வெள்ளை நாடாவைப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். காதர் பாய் எண்ணினார். நான் பட்டியலோடு நின்றேன்.

"இருநூத்திப் பன்னண்டு அப்பு. லிஸ்ட்ல எம்புட்டு?"

"இருநூத்தி ஏழு."

"அஞ்சு கூட வருதே?"

"போன தடவை விட்டுப்போனது ஏதாவது இருக்கும் பாய்."

"இறக்கிப் பாத்துருவமா?"

லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று யாரோ கத்தினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பட்டியலுக்கும் கண் எண்ணியதற்கும் நடுவில் ஐந்து வித்தியாசம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்பது வருடம் ரெக்கார்ட் ரூமில் இருந்தவனுக்குத் தெரியாததில்லை.

4. பாக்கியம்

பதினொன்று ஐந்துக்கு ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கையில் ஒரு சீட்டை விரித்துப் பிடித்தபடி வந்தாள். தாசில்தார் மேடத்தின் கையெழுத்து. 'இந்தக் கோப்பை உடன் எடுத்துத் தரவும்.'

"சார், எம்பேரு பாக்கியம். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம். சம்பங்கி போட்டிருக்கோம். ஓடைக்கரையில வீடு. ஓடைய மறிச்சுக் கட்டிருக்கோம்னு இடிக்க வந்துருக்காக. ஜேசிபி காலையிலயே வந்து நிக்குது."

"உங்க வீடு ஓடையிலயா இருக்கு?"

"மத்தது பூராம் ஓடைதான் சார், நான் இல்லன்னு சொல்லல. எங்களுது மட்டும் பட்டா இடம். எம் மாமனாருக்கு சர்க்காரு குடுத்த மனை. கம்ப்யூட்டர்ல ஓடைன்னுதான் காட்டுதாம். கையில இருந்த காகிதத்தக் கரையான் தின்னுருச்சு. ஆபீசு காப்பி இங்கன இருக்குன்னு மேடம் சொல்லுச்சு. மூணு மணி வரைக்கும் நிப்பாட்டி வைக்கிறேன்னுச்சு."

"மூணு மணிக்கு மேல?"

"இடிச்சுருவாக."

பழைய பதிவேட்டை எடுத்தேன். மாமனார் பெயரைச் சொன்னாள். பத்து நிமிடத்தில் கிடைத்தது. வீட்டுமனை ஒப்படை, கோப்பு எண், எதிரே சிவப்பு மையில் நிலை முடிவு. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "இருக்கும்மா, எங்கயும் போயிருக்காது" என்றேன்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டு, சுவரோரம் சாய்ந்து நின்றாள்.

அந்த வரியின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். ரேக் எண் பதினாலு.

பதினாலாம் ரேக்கின் முன்னால் போய் நின்றபோது, நடுத்தட்டில் ஐந்து கட்டு அகலத்துக்கு ஒரு வெற்றிடம் இருந்தது. தூசி இல்லாத செவ்வகம். பின்னால் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. ஐந்து. காதர் பாய் பின்னால் வந்து நின்றார். அவரும் அந்தச் செவ்வகத்தைப் பார்த்தார். காலையில் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

இருந்தாலும் தேடினேன். பதின்மூன்று, பதினைந்து, பதினாறு. அங்கே இருக்காது என்று தெரிந்தே ஏணி போட்டு ஏறித் தேடினேன். கை தேடிக்கொண்டிருக்கும் வரை வாய் உண்மையைச் சொல்லத் தேவையில்லை.

பன்னிரண்டேகாலுக்கு இறங்கினேன்.

5. ஒரு வரி

குடோனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மேடத்துக்கு அடித்தேன். பின்னணியில் ஜேசிபி என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"மேடம், அந்தக் கட்டு காலைல லாரில போயிருச்சு. என் தப்பு."

"என்ன சார் இது? நிலை முடிவு கோப்பு எப்படி சார் டெஸ்ட்ரக்‌ஷனுக்குப் போகும்?"

சொன்னேன். மழை, நாடா, வெள்ளை, ஐந்து.

குரலைத் தாழ்த்தினார். "இங்க கோர்ட் ஆர்டரோட நிக்கிறேன். எல்லா டிபார்ட்மெண்ட்டும் இருக்கு. மூணுக்கு மேல என்னால ஒரு நிமிஷம் நிறுத்த முடியாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. கோப்பு கண்டறிய இயலவில்லைனு ஒரு ரிப்போர்ட் குடுத்துருங்க. உங்களுக்கும் சேஃப். அவங்க கோர்ட்டுக்குப் போய் பாத்துக்கட்டும்."

"கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள வீடு போயிருமே மேடம்."

"ஜனங்க என்ன சொல்வாங்க? ரெட் டேப்னு சொல்வாங்க. நாளைக்கு மறந்துருவாங்க. யோசிங்க."

போனை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன்: எடுத்தேன். 'பார்வையில் காணும் கோப்பானது பதிவறையில் தேடிப் பார்க்கப்பட்டதில்' என்பது வரை கை தானாக ஓடியது. அந்த வரியை என் கை பலமுறை எழுதியிருக்கிறது. தேடிப் பார்க்கப்பட்டது. யார் தேடியது? கண்டறிய இயலவில்லை. யாருக்கு இயலவில்லை? அந்த வாக்கியத்தில் மனிதன் கிடையாது.

அப்போதுதான் அந்த வசைச்சொல் எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் அது எங்கள் மேல் விழுகிற கல் என்று நினைத்திருந்தேன். அது எங்களுக்குக் குடை. சிவப்பு நாடா என்று ஊர் திட்டும்போது திட்டு நாடாவுக்குப் போய்விடுகிறது. அதைக் கட்டிய கை நனையாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறது.

பாக்கியம் என் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தாள். "என்ன சார் எழுதுறீக? கெடைச்சுருச்சா?"

"இல்லம்மா. கட்டு இங்க இல்ல. பழைய தாளோட தாளா குடோனுக்குப் போயிருச்சு. நான்தான் அனுப்பிட்டேன்."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"குடோனு எங்கன இருக்கு?"

"ஒட்டன்சத்திரம் ரோட்டுல. முக்கால் மணி நேரம்."

"அப்பறம் என்னத்துக்கு உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கீக? எந்திரிங்க."

தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வண்டியை எடுத்தபோது அவள் ஒரு கணம் தயங்கி நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"வெக்கப்பட நேரமில்ல. ஓட்டுங்க."

காதர் பாய் பதிவேட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு தன் டிவிஎஸ்-ஸில் பின்னால் வந்தார்.

6. குடோன்

வெயில் ரோட்டில் தகடு தகடாக விரிந்து கிடந்தது. முன்னால் பழனிக்குப் போகிற பஸ் ஒன்று வழி விடவே இல்லை. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது பாக்கியம் இடதுபக்கம் கையைக் காட்டி, "அந்தா, அந்தப் பக்கந்தான் எங்க வீடு" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று பத்துக்குக் குடோன் வாசலில் நின்றோம்.

உள்ளேயிருந்து இயந்திரச் சத்தம் வந்தது. தகர ஷெட். ஒரு பக்கம் எங்கள் கட்டுகள். ஒரு ஆள் நாடாவைக் கத்தியால் அறுத்து மூலையில் எறிகிறான். இன்னொருவன் கோப்புகளைப் பெல்ட்டில் போடுகிறான். பெல்ட் அவற்றை இயந்திரத்தின் வாய்க்குக் கொண்டுபோகிறது. மறுபக்கம் வெள்ளை நார் நாராகக் கொட்டுகிறது. மூலையில் அறுந்த நாடாக்கள் கோழிக்குடல் மாதிரிக் குவிந்து கிடந்தன. எல்லாம் வெள்ளை.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

குடோனைப் பார்த்துக்கொள்கிறவர் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். கொங்குப் பக்கத்து ஆள். மரியாதையில் குறையே வைக்கவில்லை.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"தாலுகா ஆபீஸ். காலைல வந்த லோடுல அஞ்சு கட்டு தப்பா வந்துருச்சு. மெஷினை நிறுத்துங்க."

"எடை போட்டு ரசீது குடுத்தாச்சுங்களே. உங்க கையெழுத்துத்தானுங்க இருக்குது. ஓனர் கோயமுத்தூர் போயிருக்கறாருங்க. அவரக் கேக்காம நிறுத்துனா என்ற வேலை போயிருமுங்க."

"போன் பண்ணிக் கேளுங்க."

"பண்றனுங்க." போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். "எடுக்கலீங்க. செத்த நேரம் உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா?"

அவர் மோர் என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கோப்புகள் வாய்க்குள் போயின. நான் அரசாணை, பொதுச்சொத்து என்று என்னென்னவோ சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பாக்கியம் எங்களைப் பார்க்கவே இல்லை. நேராகப் பெல்ட்டுக்குப் போனாள். கோப்புகளுக்கு நடுவில், முழங்கை வரை, தன் வலது கையை நீட்டி வைத்தாள். பெல்ட் நகர்ந்தது. கையும் அதோடு நகர்ந்தது. அவளும் அதன் கூடவே ஒரு எட்டு வைத்தாள்.

"ஏய்! கைய எடு தாயி!" என்று பெல்ட்காரன் அலறினான்.

"வீட்ட இடிச்சப்பறம் இந்தக் கைய வச்சு நான் என்னத்தைய பொங்கப் போறேன்? இதையும் சேத்து அரைச்சுக்க."

இன்னொரு எட்டு வைத்தாள்.

குடோன்காரர் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் சுவிட்சை அடித்தார். சத்தம் இறங்கி இறங்கி நின்றது. அவள் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மணி இப்படிப் பண்ணிப்போட்டீங்க!" குடோன்காரருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. "தேடுங்க, தேடுங்க. வேலை போனாப் போயித் தொலையுது."

எண்பது கட்டுக்கு மேல் மிச்சம் இருந்தன. எல்லாம் ஒரே வெள்ளை நாடா. ஒவ்வொன்றாக அவிழ்த்து எண் பார்த்தால் சாயங்காலம் ஆகிவிடும். மணி ஒன்றரை.

காதர் பாய்தான் சொன்னார். "நாடாவப் பாக்காத அப்பு. ஓரத்தப் பாரு. மழையில சாயம் எறங்குச்சுல்ல?"

மூன்று பேரும் கட்டுகளைப் புரட்டினோம். நாலாவது ஆளாகக் குடோன்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தாள் ஓரத்தில் சிவப்புக் கறை. முதலாவது சுவரோரம் கிடந்தது. இரண்டும் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று. அவிழ்த்தேன், எண் பார்த்தேன், இல்லை. நாலாவது தராசுக்குப் பக்கத்தில் கிடைத்தது. அதிலும் இல்லை.

"அஞ்சாவது?" என்றாள் பாக்கியம்.

ஐந்தாவது பெல்ட்டில் இருந்தது. நாடா அறுபட்டு, மேலே இருந்த கோப்புகள் போய், மீதி பாதிக் கட்டு இயந்திரத்தின் வாய்க்கு ஒரு முழம் இப்பால் கிடந்தது. அவள் கை வைத்த இடத்துக்குச் சற்று முன்னால். எடுத்தேன். மேலாக இருந்த கோப்பின் அட்டையைக் காணோம். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு உத்தரவு. மாமனார் பெயர். மூன்று சென்ட். எல்லைக்கோடு போட்ட வரைபடம். கீழே அன்றைய தாசில்தாரின் கையெழுத்தும் உருண்டை முத்திரையும். அதன் ஓரமெல்லாம் சிவப்பு.

பாக்கியத்துக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"மாமா பேருதான்" என்றாள். "போவம்."

7. மூன்று நாலு

உத்தரவைப் போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். ஒற்றை டிக். போன் அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். மீதிக் கட்டுகளைத் திரும்பக் கொண்டுவரக் காதர் பாய் குடோனிலேயே நின்றுவிட்டார். மறுபடி வண்டி. மணி இரண்டு முப்பத்தைந்து. தாள்கள் காற்றில் பறக்காமல் பாக்கியம் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மெயின்ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் ஒரு டிராக்டர் டயர் பஞ்சராகி வழியை அடைத்து நின்றது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு சம்பங்கிக் காட்டுக்குள் இறங்கி ஓடினோம். அவள் எனக்கு முன்னால் ஓடினாள். வாய்க்காலை அவள் தாண்டினாள். நான் அதற்குள் விழுந்து எழுந்தேன்.

ஓடைக்கரைக்கு வந்தபோது மணி மூன்று நாலு. ஜேசிபி கையைத் தூக்கி நின்றது. அவள் வீட்டுக் குளியலறைச் சுவர் ஏற்கனவே இல்லை. உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம்!" என்று பாக்கியம் கத்தினாள். அது மனிதக் குரல் மாதிரியே இல்லை.

மேடம் கையைத் தூக்கினார். ஜேசிபி நின்றது. தாளை வாங்கி, நின்றபடி, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை படித்தார். சுற்றி நின்ற அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் திரும்பவும் ஒருமுறை படித்தார். வரைபடத்தைச் சர்வேயரிடம் கொடுத்தார். சர்வேயர் நாலு மூலையையும் நடந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இந்த வீட்டை விட்ருங்க" என்றார் மேடம்.

பிறகு சேறு படிந்த என் பேண்ட்டைப் பார்த்தார். "ரிப்போர்ட்ல நீங்க சொன்னதை அப்படியே எழுதுவீங்களா சார்?"

"எழுதுறேன் மேடம்."

"மெமோ குடுக்க வேண்டி வரும்."

"தெரியும்."

8. பதினொன்று

பாக்கியத்தின் கோப்பு அந்தக் கட்டில் பன்னிரண்டாவது. அதற்கு மேலே இருந்த பதினொன்றும் நாராகிவிட்டன. காதர் பாய் கொண்டுவந்த பதிவேட்டிலிருந்து அந்தப் பதினொரு பெயர்களையும் ஊரையும் எடுத்து எழுதினேன். பாலசமுத்திரத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய ஒருவர், ஒரு பாதைத் தகராறு, இரண்டு வீட்டுமனை, ஒரு கிணறு, இப்படி. மெமோவுக்கான பதிலோடு அந்தப் பட்டியலையும் இணைத்தேன். என் கவனக்குறைவால் அழிந்தவை என்று எழுதினேன். 'அழிய நேரிட்டது' என்று எழுதச் சொல்லி ஒரு நண்பர் சொன்னார். எழுதவில்லை. அந்தக் குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய், கையில் நகல் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் வாங்கி ஆபீஸ் கோப்பைத் திரும்பக் கட்ட மேடம் அனுமதி கொடுத்தார். ஏழு கிடைத்தன. நாலு கிடைக்கவில்லை. அந்த நாலு வீட்டுக்காரர்களும் என்னிடம் சத்தம் போடவில்லை. அவர்களுக்கு அது எப்போது தேவைப்படும் என்று அவர்களுக்கே இன்னும் தெரியாது. எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

புதிதாக வருகிற உங்களுக்கு ஒன்று சொல்லலாம். எண்ணிக்கை ஐந்து கூடினால் லாரியை நிறுத்துங்கள், எத்தனை ஹாரன் அடித்தாலும். எழுதும்போது வாக்கியத்துக்குள் ஒரு மனிதனை வையுங்கள், முக்கியமாக அந்த மனிதன் நீங்களாக இருக்கும்போது. மற்றதைக் கையேட்டில் படித்துக்கொள்ளலாம்.

எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. அந்த ஆபீஸில் என் கடைசி நாளில் பாக்கியம் சான்றிட்ட நகல் வாங்க வந்தாள். கம்ப்யூட்டரிலும் திருத்தியாகிவிட்டது, பிரிண்ட் எடுத்து இரண்டையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள். குளியலறைச் சுவர் திரும்ப எழுப்பியாச்சா என்று கேட்டேன். ஓலை வச்சு மறைச்சிருக்கோம் என்றாள்.

"அன்னைக்கு நடந்ததுக்கு என்னை மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன்.

அவள் உறையை மடித்து இடுப்பில் செருகினாள். வாசல் வரை போனாள். நின்று திரும்பினாள்.

"உங்க பேரு என்ன சார்? இம்புட்டு நடந்துருக்கு, பேரு கேக்கவே இல்ல."

"சவரிமுத்து."

"சரி. இனிமே வையிறதா இருந்தா ஆபீசு, சர்க்காருன்னு வைய மாட்டேன். பேரச் சொல்லியே வையிறேன். வாரேன்."